ஆடியோ டிரைவரில் மின்சாரமும் கிளாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறு கருவிகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவது என் தொழில். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்து சேரும் பொறியாளர்களும், கோடெக் (எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் சிப்) டிரைவரைத் தொட்ட இரண்டாம் வாரத்தில் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடு வந்து நிற்கிறார்கள். தேக்காவில் ஒரு காப்பிக் கடை மேசையில், கிடைத்த தாளில் படம் வரைந்து நான் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களுடைய சொற்களிலேயே உள்ளன. பேச்சொலியை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றினேன்.

எல்லாப் பதில்களும் லினக்ஸ் கெர்னலின் அல்சா ஒலி அமைப்பையும், அதற்குள் பலகைக் கருவிகளுக்கென்று இருக்கும் ஏஎஸ்ஓசி பகுதியையும் பற்றியவை. சி மொழியும் எளிய டிரைவர் ஒன்றை எழுதிய பழக்கமும் உங்களுக்கு இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பாட்டை வாசிக்க எதற்கு சார் மூன்று கிளாக்? ஒன்று போதாதா?

மூன்றுக்கும் வேலை வேறு. ஒலியின் ஒவ்வொரு மாதிரியும் எந்தக் கணத்தில் தொடங்குகிறது, அது இடப்பக்கத்துக்கு உரியதா வலப்பக்கத்துக்கு உரியதா என்று காட்டுவது எல்ஆர்கிளாக். மாதிரி வேகமே அதன் வேகம். அந்த மாதிரிக்குள் இருக்கும் பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் தள்ளுவது பிகிளாக். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 32 பிட் என்றால் 48,000 × 2 × 32, அதாவது 3.072 மெகாஹெர்ட்ஸ். கோடெக்குக்குள்ளே எண்களை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி இவற்றைவிட வேகமாக ஓட வேண்டியிருப்பதால் அதற்கென்று வருவது எம்கிளாக். அது பெரும்பாலும் மாதிரி வேகத்தைப்போல் 256 அல்லது 512 மடங்கு.

எம்கிளாக் கம்பியே இல்லாத பலகைகளும் உண்டு. அங்கே கோடெக் பிகிளாக்கை எடுத்துத் தன் பிஎல்எல் (கிளாக்கின் வேகத்தைப் பெருக்கும் சுற்று) மூலம் பெருக்கிக்கொள்ளும். எப்படிச் செய்தாலும் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். இரண்டு தனித்தனிப் படிகங்கள் காகிதத்தில் ஒரே வேகத்தைக் காட்டினாலும் நடைமுறையில் மெல்ல மெல்ல விலகும், சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு மாதிரி தொலையும், காதுக்கு அது 'டிக்' என்று கேட்கும்.

44.1 கிலோஹெர்ட்ஸையும் 48 கிலோஹெர்ட்ஸையும் ஒரே கிளாக்கிலிருந்து எடுக்க முடியாதா?

முழு எண்ணால் வகுத்து எடுக்க முடியாது என்பதே தொல்லையின் வேர். 44.1-இன் 256 மடங்கு 11.2896 மெகாஹெர்ட்ஸ்; 48-இன் 256 மடங்கு 12.288 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. பலகையில் கிடக்கும் 24 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து 12.288-ஐ எடுக்க வேண்டுமானால் 64-ஆல் பெருக்கி 125-ஆல் வகுக்க வேண்டும், 11.2896-க்கோ 294-ஆல் பெருக்கி 625-ஆல் வகுக்க வேண்டும். இதற்காகத்தான் பின்னமாகப் பெருக்கும் பிஎல்எல் தேவைப்படுகிறது. அவசரத்தில் 24-ஐ இரண்டால் வகுத்து 12 மெகாஹெர்ட்ஸை எம்கிளாக்காகக் கொடுத்து, கோடெக்கை 256 மடங்குக்கே அமைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒலி வரும், ஆனால் 46,875 ஹெர்ட்ஸில் வரும். பாடுபவரின் குரல் சற்றே கனத்து, தாளம் 2.3 விழுக்காடு தளர்ந்து போகும்.

ராஸ்பெரி பை இதற்கு நல்ல பாடம். அதன் மூன்றாம் தலைமுறை வரையிலான பலகைகளில் இருக்கும் படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ். அதை 3.072-ஆல் வகுத்தால் 6.25 வருகிறது; ஆகவே படிகத்திலிருந்து நேரே எடுத்தால், வகுப்பான் சில நேரம் ஆறாலும் சில நேரம் ஏழாலும் மாறி மாறி வகுத்துச் சராசரியைத்தான் சரி செய்ய முடியும். சராசரி சரி, ஒவ்வொரு துடிப்பும் சரியில்லை. இதைத் தவிர்க்கவே ஹைஃபைபெர்ரி டாக் பிளஸ் ப்ரோ போன்ற ஒலிப் பலகைகள் 22.5792, 24.576 என்று இரண்டு படிகங்களைத் தாங்களே வைத்துக்கொண்டு, பாட்டு எந்தக் குடும்பமோ (44.1-இன் மடங்கா, 48-இன் மடங்கா) அந்தப் படிகத்தை ஓட்டுகின்றன.

கிளாக்கை எப்போதும் ஓட விட்டுவிட்டால் என்ன அண்ணே? எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதே.

மேசைமேல் சுவர் மின்சாரத்தில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஒரு டிஜிட்டல் சுற்று மாறும்போது செலவாகும் மின்திறன், கிளாக்கின் வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கிறது. ஆகையால் யாருக்கும் பயன்படாமல் ஓடும் கிளாக்கும் பேட்டரியைத் தின்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. உங்கள் எம்கிளாக் ஓட அதன் தாய் பிஎல்எல் ஓட வேண்டும், அது ஓட அதன் படிகம் ஓட வேண்டும், அவை ஓடும்வரை சிப் தன் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போக முடியாமல் காத்திருக்கும். ஒரு டிரைவர் மறந்த ஒரே கிளாக் முழுக் கருவியையும் விழிக்க வைத்துவிடும்.

கிளாக்குக்கு 'பிரிப்பேர்', 'எனேபிள்' என்று எதற்கு இரண்டு படி?

ஒன்று தூங்கலாம், மற்றொன்று தூங்கக்கூடாது என்பதால். 2012-இல் வெளியான லினக்ஸ் 3.4-இல் பொதுக் கிளாக் சட்டகம் சேர்க்கப்பட்டது. அதில் பிஎல்எல் நிலைபெறக் காத்திருப்பது, ஐ2சி என்ற மெதுவான இருகம்பி இணைப்பு வழியாக ஒரு கிளாக் சிப்புடன் பேசுவது போன்ற நேரமெடுக்கும் வேலைகள் எல்லாம் பிரிப்பேரில் நடக்கும். ஒரு பிட்டைத் திருப்பிக் கதவைத் திறக்கும் வேலை மட்டும் எனேபிளில் நடக்கும். அதை இன்டரப்ட் கையாளும் இடத்திலிருந்தும் அழைக்கலாம்.

ஆடியோவில் இது ஏன் முக்கியம் என்றால், ஒலியைத் தொடங்கவும் நிறுத்தவும் அழைக்கப்படும் டிரிக்கர் கால்பேக், இயல்பு நிலையில் தூங்கக் கூடாத இடத்தில் ஓடுகிறது. அங்கே எனேபிளை அழைக்கலாம், பிரிப்பேரை அழைக்கக் கூடாது, வேகத்தையும் மாற்றக் கூடாது. ஐ2சி-யில் தொங்கும் கோடெக்கின் ரெஜிஸ்டரையும் அங்கிருந்து எழுத முடியாது. பிரிப்பேர் செய்யாத கிளாக்கை எனேபிள் செய்தால் கெர்னல் எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டுப் பிழையைத் திருப்பித் தரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தும் 'ஒலிதான் வருகிறதே' என்று கடந்து போகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

கிளாக்கைத் தர வேண்டியது கோடெக்கா, சிப்பா?

யாருடைய மூலம் சுத்தமானதோ அவர். (இங்கே சிப் என்பது பலகையின் முதன்மைச் செயலி.) முன்பு எஜமான், அடிமை என்ற பொருள்படும் பெயர்களால் குறிப்பிட்டார்கள். இப்போது ஏஎஸ்ஓசி-யில் வழங்குபவர், பெறுபவர் என்று பொருள்படும் பெயர்கள் வந்துவிட்டன. ஹைஃபைபெர்ரியைப் போலக் கோடெக் பக்கத்தில் நல்ல படிகம் இருந்தால் கோடெக்கே வழங்கட்டும். சிப்பின் பிஎல்எல் நன்றாக இருந்து, கோடெக்கின் பிஎல்எல்லை அணைத்து மின்சாரம் மிச்சப்படுத்தலாம் என்றால் சிப் வழங்கட்டும். கவனிக்க வேண்டிய விளைவு ஒன்று உண்டு: கோடெக் கிளாக் வழங்கினால், கோடெக் விழித்து பிஎல்எல் நிலைபெறும்வரை சிப்பின் ஐ2எஸ் பகுதி (ஒலித்தரவைக் கோடெக்குடன் பரிமாறும் பகுதி) துடிப்பின்றி நிற்கும், சில சிப்களில் பிகிளாக் வராமல் ரீசெட் கூட முடியாது.

ரன்டைம் பிஎம் இருக்கும்போது டிஏபிஎம் எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் ஒன்றல்ல, இந்தக் குழப்பத்திலிருந்துதான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. ரன்டைம் பிஎம் கருவி ஒன்றை முழுதாகப் பார்க்கிறது: யாருக்காவது தேவையா, இல்லையா. தேவைப்படுபவர் ஒரு எண்ணை ஏற்றுகிறார், முடித்தவர் இறக்குகிறார், எண் பூச்சியமானதும் கருவி உறங்குகிறது. இது 2009-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.32 முதல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக உள்ளது. டிஏபிஎம் அதற்கும் மூத்தது, கோடெக்குக்குள்ளே பார்ப்பது. எடின்பரோவிலிருந்த வுல்ஃப்சன் நிறுவனத்துப் பொறியாளர்கள் கைபேசிகளுக்கான கோடெக்குகளுக்காக வளர்த்த முறை அது. மைக்கிலிருந்து ஏடிசி (ஒலியை எண்ணாக்கும் பகுதி) வரை, டாக்கிலிருந்து (எண்ணை ஒலியாக்கும் பகுதி) ஹெட்ஃபோன் வரை உள்ள ஒவ்வொரு பெருக்கியையும் கலப்பானையும் ஒரு கண்ணியாக வைத்து, ஒலி ஓடும் பாதை முழுமையாக இருக்கும் கண்ணிகளுக்கு மட்டும் மின்சாரம் தருகிறது. ஹெட்ஃபோனைப் பிடுங்கினால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பெருக்கி அணையும். கருவி மட்டும் விழித்தே இருக்கும்.

கோடெக் முழுவதற்கும் டிஏபிஎம் நான்கு நிலைகளை வைத்திருக்கிறது: ஆஃப், ஸ்டாண்ட்பை, பிரிப்பேர், ஆன். (கிளாக்கின் பிரிப்பேருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர உறவில்லை.) கோடெக் ஆஃப் நிலையிலிருந்து எழும்போது டிஏபிஎம் தானே ரன்டைம் பிஎம் எண்ணை ஏற்றுகிறது, ஸ்ட்ரீம் திறக்கப்படும்போது ஏஎஸ்ஓசி-யின் மையப்பகுதியும் பங்குபெறும் கருவிகளின் எண்ணை ஏற்றுகிறது. ஆகவே உங்கள் ஸ்டார்ட்அப் கால்பேக்கில் நீங்களும் ஒருமுறை ஏற்றுவது பெரும்பாலும் தேவையற்றது.

என் பரிந்துரை இதுதான்: ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் (மின்னழுத்தம் தரும் சுற்று) ஒரே ஓர் உரிமையாளரை முடிவு செய்து, டிரைவரின் தலைப்பிலேயே குறிப்பாக எழுதி வையுங்கள். ரெஜிஸ்டரைத் தொடவே தேவைப்படும் கிளாக் ரன்டைம் பிஎம்முக்குச் சொந்தம். ஒலி ஓடும்போது மட்டும் தேவைப்படும் எம்கிளாக் டிஏபிஎம்முக்குச் சொந்தம். கிளாக்கையும் ரெகுலேட்டரையும் கண்ணிகளாகவே அறிவிக்க அதில் வழி உண்டு. ஒரே கிளாக்கை நான்கு கால்பேக்குகளில் ஏற்றி இறக்கினாலும் கணக்கு ஒருவேளை சமமாகலாம்; ஆறு மாதம் கழித்து யாரேனும் ஒரு பிழைப் பாதையைச் சேர்க்கும்போது சமம் குலையும், அப்போது எந்தக் கை தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எதை முதலில் ஏற்றுவது? ரெகுலேட்டரா, கிளாக்கா, ரீசெட்டா?

கோடெக்கின் தரவுத்தாள் வேறு வரிசை சொல்லாத வரையில் ரெகுலேட்டர், பிறகு கிளாக், பிறகு ரீசெட்டை விடுவித்தல், பிறகு ரெஜிஸ்டர் எழுதுதல். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழாக. மின்சாரம் இல்லாத சிப்பின் காலுக்குள் கிளாக்கைச் செலுத்தினால், அந்தக் காலின் பாதுகாப்பு டையோடு வழியாகச் சிப் அரைகுறையாக உயிர்பெறும். அந்த நிலையிலிருந்து ஒழுங்காக ரீசெட் ஆகாத சிப்கள் உண்டு.

எஸ்ஜிடிஎல்5000 போன்ற கோடெக்குகளில் எம்கிளாக் ஓடாவிட்டால் ஐ2சி-க்கே பதில் வராது. 'புரோபில் கோடெக்கைக் காணவில்லை' என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது, எம்கிளாக் அந்த நேரத்தில் ஓடுகிறதா என்பதைத்தான்.

கிளாக்கின் வேகத்தை ஓப்பனில் அமைப்பதா, ஹெச்டபிள்யூ பாரம்ஸில் அமைப்பதா?

மாதிரி வேகம் தெரிய வரும் முதல் இடம், பயன்பாட்டு நிரல் தேர்ந்த ஒலி அளவுருக்களைச் சொல்லும் கால்பேக்கான ஹெச்டபிள்யூ பாரம்ஸ், ஆகவே அங்கே. ஓப்பனில் செய்ய வேண்டியது வேறு: தரக்கூடிய கிளாக்குகளைப் பார்த்து, முடியாத மாதிரி வேகங்களைப் பட்டியலிலிருந்து நீக்குவது. முடியாததை முன்பே சொல்லிவிட்டால் பயன்பாட்டு நிரல் வேறு வேகத்தைத் தேர்ந்துகொள்ளும்; பிறகு பிழை சொன்னால் அது பெரும்பாலும் கைவிட்டு வெளியேறும்.

ஹெச்டபிள்யூ பாரம்ஸ் ஒரு திறப்புக்கு ஒருமுறைதான் அழைக்கப்படும் என்று நம்பாதீர்கள். அது பலமுறை அழைக்கப்படலாம். ஹெச்டபிள்யூ ஃப்ரீயும் பலமுறை அழைக்கப்படலாம், பிரிப்பேர் கால்பேக்கும் (ஒலி தொடங்கும் முன் அழைக்கப்படுவது, கிளாக்கின் பிரிப்பேர் அன்று) அப்படியே. அங்கே எனேபிள் எண்ணை ஏற்றினால் எண் கூடிக்கொண்டே போகும். வேகத்தை அமைப்பது எத்தனை முறை நடந்தாலும் தீங்கில்லாத செயல். எண்ணை ஏற்றுவது அப்படியல்ல. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் எதை எங்கே எழுதுவது என்பது தானே விளங்கும்.

44.1 பாட்டு ஏன் சற்று வேகமாகவும் கீச்சென்றும் கேட்கிறது?

48 குடும்பத்துக் கிளாக்கில் 44.1 பாட்டு ஓடுகிறது. வேகம் 8.8 விழுக்காடு கூடும், சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் ஏறும். கிளாக்கின் வேகத்தை அமைக்கும் செயற்கூறு திருப்பித் தந்த எண்ணைச் சோதித்தீர்களா, அமைத்த பின் உண்மையில் கிடைத்த வேகத்தைக் கேட்டுப் பார்த்தீர்களா என்று பாருங்கள். கேட்ட வேகம் கிடைக்காதபோது சட்டகம் கிடைத்த அருகிலுள்ள வேகத்தை வைத்துவிட்டு வெற்றி என்றே சொல்லக்கூடும்.

அறிவிப்பின் முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. கோப்பின் தொடக்கத்தில் அரை வினாடி மௌனம் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். நான்கு மொழிகளிலும் அறிவிப்புச் செய்யும் சிறு பெட்டி ஒன்றுக்கு நான் டிரைவர் எழுதியபோது இதே குறை வந்தது. ஆங்கில அறிவிப்புக்கு முன் ஒரு மணியோசை இருந்தது. விழிக்கும் நேரத்தை அந்த மணியோசை வாங்கிக்கொண்டதால் ஆங்கிலத்தில் குறை தெரியவில்லை. இடைவெளி விட்டு வந்த தமிழில் 'கவனிக்கவும்' என்பது 'வனிக்கவும்' என்று ஒலித்தது. சோதனை அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால்தான் அது வெளியே போகாமல் பிடிபட்டது.

காரணம் இரண்டு. ஒவ்வோர் அறிவிப்பு முடிந்ததும் பெட்டி ஒலிக் கருவியை மூடியது, நானும் ரன்டைம் பிஎம்மில் காத்திருப்பு நேரம் எதையும் வைக்கவில்லை. எனவே ஒவ்வொரு மொழிக்கும் கோடெக் அணைந்து எழுந்தது. எழும்போது, கோடெக்கின் பாதி மின்னழுத்தப் புள்ளியான விமிட் அதன் மின்தேக்கியில் நிரம்ப நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகள் ஆகும்; அது நிரம்பும் முன்பே ஒலித்தரவு ஓடத் தொடங்கிவிட்டது. தானாக உறங்கும் காத்திருப்பை அறிவிப்புகளின் இடைவெளியைவிடக் கூடுதலாக வைத்ததும், விமிட் நிரம்பும்வரை கோடெக்கின் நிலைமாற்றத்துக்குள்ளேயே காத்திருந்ததும் தீர்வாயின. காத்திருப்பு நேரத்தை வைத்தால் மட்டும் போதாது, தானாக உறங்கும் முறையைப் பயன்படுத்துவதாகத் தனியே அறிவிக்கவும் வேண்டும். இதை மறந்து, எண்ணை மாற்றி மாற்றி ஒரு பிற்பகலைக் கழித்தவர்களுள் நானும் ஒருவன்.

ஏஎஸ்ஓசி-யிலும் இதே நோக்கத்துக்கு ஒரு காத்திருப்பு உண்டு. அதை ஏற்பதாக அறிவித்த கோடெக்குகளுக்கு, வாசிப்பு முடிந்தபின் மின்பாதையை அணைக்கும் முன் இயல்பாக 5,000 மில்லிவினாடி பொறுத்திருக்கும். ஒலிப்பதிவுக்கு இந்தப் பொறுமை இல்லை.

தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

முந்தைய பதிலில் சொன்ன விமிட்தான் இங்கும் காரணம். அது திடீரென்று ஏறினால் வெளியீட்டு மின்தேக்கி வழியாக அந்த ஏற்றம் ஒலிபெருக்கிக்குப் போகிறது. டபிள்யூஎம்8960 போன்ற கோடெக்குகளில் விமிட்டுக்கு மூன்று மின்தடைத் தேர்வுகள் உள்ளன: வேகமாக நிரப்ப இரண்டு 5 கிலோஓம், ஒலி ஓடும்போது இரண்டு 50 கிலோஓம், சும்மா நிற்கையில் மட்டத்தைத் தாங்கிப் பிடிக்க இரண்டு 250 கிலோஓம். ஸ்டாண்ட்பை நிலை என்பது பெரும்பாலும் இந்தக் கடைசித் தேர்வுதான். மிகக் குறைந்த மின்சாரத்தில் மட்டத்தைப் பிடித்து வைப்பதால் மீண்டும் ஏற வேண்டியதில்லை. முற்றாக அணைத்து மின்சாரம் மிச்சப்படுத்துவதா, ஸ்டாண்ட்பையில் நிறுத்திச் சத்தத்தையும் தாமதத்தையும் தவிர்ப்பதா என்பது கருவியைப் பொறுத்தது. சுவரில் பொருத்தும் பெட்டிக்கு நான் ஸ்டாண்ட்பையையே வைப்பேன்.

உறங்கி எழுந்ததும் ஒலி வரவில்லை. ரெஜிஸ்டர்கள் எல்லாம் சரியாகவே காட்டுகின்றன.

நீங்கள் பார்ப்பது கோடெக்கின் ரெஜிஸ்டர் அன்று. ரெஜிஸ்டர்களைப் படிப்பதையும் எழுதுவதையும் கையாளும் கெர்னல் பகுதியான ரெக்மேப் வைத்திருக்கும் நினைவுப் படி, அதாவது நகல். மின்சாரம் போனபோது கோடெக் எல்லாவற்றையும் மறந்தது, படி மறக்கவில்லை. உறங்கும்போது படியில் மட்டும் எழுதும் முறைக்கு மாற்றி, படி பழையதாகிவிட்டது என்று குறித்து, பிறகு அணைக்க வேண்டும். எழும்போது மின்சாரமும் கிளாக்கும் தந்தபின் அந்த முறையை விலக்கி, படியிலிருந்து கோடெக்குக்கு ஒத்திசைக்க வேண்டும். குறிக்க மறந்தால், ஒத்திசைக்கும் செயற்கூறு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணித் திரும்பிவிடக்கூடும்.

இதன் எதிர்ப்பக்கம் இன்னும் நுட்பமானது. படியைப் பழையதாகக் குறிப்பதற்கு, 'கோடெக் இப்போது தன் தொடக்க மதிப்புகளில் இருக்கிறது' என்று பொருள். ஆகவே ஒத்திசைக்கும்போது தொடக்க மதிப்புக்குச் சமமான ரெஜிஸ்டர்கள் எழுதப்படாமல் விடப்படும். ஆனால் உங்கள் ரெகுலேட்டரை வேறொரு கருவியும் பகிர்ந்துகொண்டால், நீங்கள் விட்டபோதும் மின்சாரம் போயிராது, கோடெக் பழைய மதிப்புகளையே வைத்திருக்கும், உறக்கத்தின்போது தொடக்க மதிப்புக்குத் திரும்பிய ஒரு ரெஜிஸ்டர் கோடெக்கில் மட்டும் மாறாமல் கிடக்கும். ஒத்திசைக்கும் முன் கோடெக்கின் மென்பொருள் ரீசெட்டை ஒருமுறை எழுதிவிடுவது எளிய காப்பு.

பாட்டு ஓடும்போதே முழுக் கருவியும் உறங்கி எழுந்தால்? ஹெச்டபிள்யூ பாரம்ஸ் மீண்டும் வருமா?

வராது. எழுந்தபின் பயன்பாட்டு நிரல் முதலில் 'தொடரலாமா' என்று கேட்கும்; வன்பொருள் தொடர முடியாது என்றால் பிரிப்பேர் கால்பேக்கை மட்டும் அழைத்து மீண்டும் தொடங்கும். ஹெச்டபிள்யூ பாரம்ஸில் எழுதிய வகுப்பான்களும் கிளாக் வேகமும் உறக்கத்தில் தொலைந்திருந்தால் அவற்றை மீட்பது உங்கள் எழும் கால்பேக்கின் பொறுப்பு. கோடெக்கின் ரெஜிஸ்டர்களை முந்தைய பதிலில் சொன்ன ஒத்திசைப்பு மீட்கும். சிப்பின் ஐ2எஸ் பகுதிக்கும் அதே முறையை வைத்தால் தனியாக எதையும் சேமிக்க வேண்டியதில்லை. முழுக் கருவி உறக்கத்துக்கென்று தனி நிரல் எழுதாமல், ரன்டைம் பிஎம் கால்பேக்குகளையே கட்டாயமாக ஓட்டும் இணைச் செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள். இரண்டு நிரல்கள் இருந்தால் ஒன்று சோதிக்கப்படாமலே பழையதாகும். மெஷின் டிரைவரில் (கோடெக்கையும் சிப்பையும் ஒரே கார்டாக இணைக்கும் டிரைவர்) ஏஎஸ்ஓசி தரும் உறக்கச் செயல்களின் தொகுப்பை இணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இணைக்காவிட்டால் கார்டு முழுவதையும் வரிசையாக அணைக்கும் வேலை நடக்காது.

ரன்டைம் பிஎம் எண் ஏறிக்கொண்டே போகிறது. ஏற்றியதையெல்லாம் இறக்கியிருக்கிறேன்!

பிழைப் பாதையில் இறக்கியிருக்கிறீர்களா? எண்ணை ஏற்றி உடனே எழுப்பும் பழைய செயற்கூறு, எழுப்புவதில் தோற்றாலும் எண்ணை ஏற்றியே வைத்திருக்கும். பிழை வந்ததென்று நீங்கள் திரும்பிவிட்டால் அந்த எண் இறங்காது. இந்தப் பொறியில் விழாத டிரைவர்கள் குறைவு என்பதால், 2020-இன் இறுதியில் வெளியான லினக்ஸ் 5.10-இல், தோற்றால் எண்ணைத் தானே இறக்கிவிடும் புதிய செயற்கூறு சேர்க்கப்பட்டது. புதிய நிரலில் அதையே பயன்படுத்துங்கள்.

துவக்கத்தில் 'பயன்படாத கிளாக்கை விட்டுவை' என்ற அளவுருவைக் கொடுத்தால் ஒலி வருகிறது. அப்படியே விற்பனைக்கு அனுப்பலாமா?

கூடாது. கெர்னல் துவக்கத்தின் முடிவில், எந்த டிரைவரும் எனேபிள் செய்யாத கிளாக்குகளை அணைத்துவிடும். பூட்லோடர் ஏற்றி வைத்த ஒரு கிளாக்கில் உங்கள் டிரைவர் சொல்லாமல் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது என்பதையே அந்த அளவுரு காட்டிக்கொடுக்கிறது. எந்தக் கிளாக் என்று கண்டுபிடித்து, டிவைஸ் ட்ரீயில் அதைக் குறிப்பிட்டு, டிரைவரில் உரிமை கோருங்கள்.

ரெகுலேட்டர்களுக்கும் இதே வழக்கம் உண்டு, ஆனால் அங்கே துவக்கத்துக்குப்பின் சுமார் 30 வினாடி கழித்துத்தான் பயன்படாதவை அணையும். 'பலகை அரை நிமிடம் பாடிவிட்டு ஊமையாகிறது' என்று யாராவது சொன்னால் நான் வேறெதையும் பார்ப்பதற்கு முன் ரெகுலேட்டர்களைப் பார்ப்பேன்.

48-இல் பதிவு ஓடும்போது யாரோ 44.1-இல் பாட்டு வைத்தால் பதிவு கெடுகிறது. யார் மேல் தப்பு?

கிளாக்கைப் பாதுகாக்காத டிரைவர் மேல். பகிரப்படும் கிளாக்கின் வேகத்தை மாற்றக் கேட்டால், அதை மற்றொருவர் பயன்படுத்திக்கொண்டிருந்தாலும் சட்டகம் இயல்பாக மாற்றிவிடும். எனேபிள் எண் கிளாக் அணையாமல் காக்குமே தவிர, வேகம் மாறாமல் காக்காது. வேகத்தைத் தனியுரிமையாகப் பிடித்துவைக்க வேறு செயற்கூறு உண்டு. ஒலி ஓடும் காலத்தில் மட்டும் அதைப் பிடித்து, முடிந்ததும் விடுங்கள்.

இரண்டு திசையும் ஒரே ஐ2எஸ் கம்பிகளைப் பகிர்ந்தால் அதற்கு மேல் ஒன்று தேவை: இரண்டின் மாதிரி வேகமும் சமமாக இருக்க வேண்டும் என்று டிஏஐ-யில் (சிப்பும் கோடெக்கும் இணையும் ஒலி இடைமுகம்) அறிவிக்கும் குறி. ஒரு திசை ஏற்கெனவே 48-இல் இருந்தால் இரண்டாவதாகத் திறப்பவருக்கு 48 மட்டுமே கிடைக்கும். ஆனால் இரண்டு நிரல்களும் ஒரே நேரத்தில் திறந்து, இரண்டும் இன்னும் வேகத்தைச் சொல்லாமல் இருந்தால், திறக்கும்போது கட்டுப்படுத்த எதுவும் இல்லை. இரண்டாவதாக வேகம் சொல்பவர் ஹெச்டபிள்யூ பாரம்ஸில் பிழை வாங்குவார். இதை டிரைவரில் சரி செய்ய முயலாதீர்கள். பயன்பாட்டுப் பக்கம் ஒரே வேகத்துக்கு மாற்றித் தரும் ஒலிச் சேவையகத்தை வைப்பதே முறை.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? ஒலி வந்தால் போதாதா?

ஒலி வருவது பாதிச் சோதனைதான். ஒலி நின்றபின் எல்லாம் அணைந்ததா என்பது மீதிப் பாதி. பிழை தேடக் கெர்னல் தரும் கோப்பகமான டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கிளாக் சுருக்கப் பட்டியலை ஒலிக்கு முன்பும் பின்பும் எடுத்து ஒப்பிடுங்கள். எனேபிள் எண்களும் பிரிப்பேர் எண்களும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கருவியின் ரன்டைம் நிலையையும் காத்திருப்பு நேரம் கழிந்தபின் பாருங்கள். பிறகு திறந்து மூடுவதை ஆயிரம் முறை சுழற்சியில் ஓட்டிவிட்டு அதே ஒப்பீட்டை மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஏறும் கசிவு அப்போது மறையாது. டிரைவரை நீக்கிச் சேர்ப்பதையும், ரன்டைம் பிஎம் இல்லாமல் கட்டிய கெர்னலில் கிளாக்குகள் ஏறுகின்றனவா என்பதையும் ஒருமுறையாவது பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: கருவி உறங்கும்போது டீபக்எஃப்எஸ் வழியாக அதன் ரெஜிஸ்டர்களைப் படிக்காதீர்கள். கிளாக் அணைந்த பகுதியைத் தொட்டால் சில சிப்களில் பஸ் பதிலின்றி நின்று, பலகை அப்படியே உறைந்துவிடும். அது உங்கள் டிரைவரின் பிழை என்று எண்ணி ஒரு நாளை இழப்பீர்கள். ரெக்மேப்பை உருவாக்கும்போதே அதன் கிளாக்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு படிப்புக்கும் அது தானே ஏற்றி இறக்கும்.

கடைசியாக, கெர்னல் சொல்லும் வேகத்தை நம்பாமல் கம்பியில் அளந்து பாருங்கள். அலைநோக்கி இல்லையென்றால் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் சிறிய லாஜிக் அனலைசரைத் தேடுங்கள், 3.072 மெகாஹெர்ட்ஸ் பிகிளாக்கைப் பார்க்க 24 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் எளிய கருவி போதும். 12.288 மெகாஹெர்ட்ஸ் எம்கிளாக்கை அதில் பார்க்க முயலாதீர்கள். எல்ஆர்கிளாக்கை ஒரு முழு வினாடி பதிந்து துடிப்புகளை எண்ணினாலே குடும்பம் எது, பிழை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.